சோலைமலை போய்ச் சேர்ந்த இடம்

வெம்பக்கோட்டைக்குத் தெற்கே கோட்டைச்சாமியின் கரிசல் காடு இருந்தது. மழை பெய்தால் பருத்தி, பொய்த்தால் ஒன்றுமில்லை. அவருடைய மூத்த மகன் சோலைமலை. பருத்திப் பொதியை ஒற்றை ஆளாகத் தூக்கி வண்டியில் போடுகிற உடம்பு. சித்திரை வெயிலிலும் செருப்புப் போட மாட்டான். கேட்டால், "காலைக் கட்டிப்போட்ட மாதிரி இருக்கு" என்பான்.

ஐம்பத்தொன்பதாம் வருஷம் பருத்தி ஏற்றிக்கொண்டு விருதுநகர் போனவன் மறுநாள்தான் திரும்பினான். மாடுகளை அவிழ்த்துத் தண்ணீர் காட்டிவிட்டு, தாய் சண்முகத்தாயிடம் மெல்லச் சொன்னான்.

"ஆத்தா, பட்டாளத்துல சேந்துட்டேன்."

ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு வேடிக்கை பார்க்கத்தான் போனானாம். வரிசையில் நில் என்றதும் நின்றானாம். மார்பை அளந்தவர் முதுகில் தட்டிக்கொடுத்தாராம். சண்முகத்தாய் அழுது தீர்த்தாள். கோட்டைச்சாமி மட்டும், "போகட்டும் விடு. வானத்தைப் பாத்துக்கிட்டுக் கெடக்குறதுக்கு அது தேவலை" என்றார். அந்த வார்த்தை ஏன் வாயில் வந்தது என்று பின்னாளில் அவர் மருகாத நாளில்லை.

அறுபத்தொன்று தையில் லீவில் வந்தபோது செல்லத்தாயைக் கட்டி வைத்தார்கள். கொஞ்ச நாள்தான் சேர்ந்திருந்தார்கள். மறுவருஷம் கோடையில் மறுபடி வந்தான். பஸ்ஸை விட்டு இறங்கியதும் பூட்ஸைக் கழற்றி, கயிற்றை முடிந்து தோளில் தொங்கவிட்டுக்கொண்டு, வெறுங்காலோடு நடந்து வந்த பட்டாளத்துக்காரனைப் பார்த்துத் தெருவே சிரித்தது. செல்லத்தாயும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அவன் திரும்பிப் போன பிறகுதான் அவள் முழுகாமல் இருப்பது தெரிந்தது. எழுதிப் போட்டார்கள். சந்தோஷமாக ஒரு கடுதாசி வந்தது. அதற்குப் பிறகு எதுவும் வரவில்லை.

அந்த ஐப்பசியில் சிவகாசியிலிருந்து தீபாவளி வெடி லோடு ஏற்றிய லாரிகள் ஓடிக்கொண்டிருந்தபோது சீனாக்காரன் எல்லை தாண்டிவிட்டான் என்று செய்தி வந்தது. சோலைமலை வடகிழக்கு மலையில் இருந்தான். கார்த்திகை முடிந்து தந்தி வந்தது. ஆளைக் காணவில்லை என்று வாசித்துச் சொன்னார் தபால்காரர்.

"காணலைன்னா தேடச் சொல்லுங்க. செத்துட்டான்னு போட்டிருக்கா?" என்று கேட்டாள் சண்முகத்தாய்.

"இல்லம்மா. அப்பிடிப் போடலை."

"அப்புறம் என்ன?"

தையில் செல்லத்தாய்க்குப் பெண் பிறந்தது. வீரலட்சுமி என்று பெயர் வைத்தார்கள். மாசி போயிற்று, பங்குனி போயிற்று. கோட்டைச்சாமியின் தங்கை பஞ்சம்மாள் ஒருநாள் அண்ணியிடம் பேச்செடுத்தாள்.

"எத்தனை நாளைக்கு மதினி? செய்ய வேண்டியதைச் செஞ்சுருவோம். ஊரு ஒரு மாதிரியாப் பேசுது."

"பொணத்தைக் காட்டு. நானே அவ தாலியைக் களத்துதேன்" என்றாள் சண்முகத்தாய். அன்றைக்குச் சாயங்காலம் வழக்கத்தைவிட நீளமாகப் பூ வாங்கி மருமகள் தலையில் வைத்தாள்.

செல்லத்தாய் தலையைக் குனிந்து வாங்கிக்கொண்டாள். பூவோடு வெளியே போனால் சிலர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். பூ வைக்காமல் இருந்தால் மாமியார் மனசு உடைந்துபோகும். கல்யாண வீடுகளில் அவளைக் கூப்பிடுவதா வேண்டாமா என்று யாருக்கும் தெரியவில்லை. அவளுக்கும் தெரியவில்லை.

ஆனி மாதத்தில் ஒருநாள் காலையில், கம்பை ஊன்றி நொண்டிக்கொண்டு ஒருவன் வீட்டைத் தேடி வந்தான். விருதுநகரில் மல்லி, வத்தல் வியாபாரம் செய்கிற ஒரு குடும்பத்துப் பையன், பெயர் யாகூப். சோலைமலையோடு ஒரே படைப்பிரிவில் இருந்தவன். சீனாக்காரர்களிடம் பிடிபட்டு, அப்போதுதான் விடுதலையாகி ஊர் சேர்ந்திருந்தான். பனியில் கால்விரல்கள் போய்விட்டன. கொடுத்த மோரைக் குடிக்காமல் கையிலேயே வைத்திருந்தான்.

"அம்மா, சோலை வர மாட்டான்" என்றான்.

 மோரைக் கீழே வைத்துவிட்டுத் தொடர்ந்து சொன்னான். மலையை விட்டுப் பின்வாங்கச் சொல்லி உத்தரவு வந்தது. சாப்பாடு இல்லை, போட்டிருந்ததோ மெல்லிய பருத்திச் சட்டை. சோலைமலையின் பாதங்கள் வீங்கி, பூட்ஸைக் கழற்ற முடியாமல் இறுகிப் போயின. நடக்க முடியாதபோது யாகூப் அவனை முதுகில் தூக்கிக்கொண்டான்.

"என்னைப் போட்டுட்டுப் போயிரு மச்சான்னு சொல்லிக்கிட்டே வந்தான். நான் விடலை. விடியுறப்போ பேச்சில்ல. இறக்கிப் பாத்தேன். முடிஞ்சிருச்சும்மா. தோண்ட முடியலை, பூமி கல்லா இருந்துச்சு. கல்லடுக்கி மூடினேன். அன்னைக்கே என்னையப் பிடிச்சுட்டாங்க."

 சண்முகத்தாய் கேட்டாள்.

"தல எங்குட்டு வச்சே தம்பி?"

"தெக்கதாம்மா. சூரியன் வந்த பக்கத்தைப் பாத்து, தெசை கணிச்சு வச்சேன். உங்க வழக்கம் அதானம்மா?"

அவள் அவன் இரண்டு கைகளையும் பிடித்து முகத்தில் வைத்துக்கொண்டாள். அதன்பிறகுதான் அந்த வீட்டில் முதல் ஒப்பாரி எழுந்தது. அக்கம்பக்கத்துப் பெண்கள் ஓடிவந்து அவளைக் கட்டிக்கொண்டார்கள்.

செல்லத்தாய் அழவில்லை. கதவு ஓரம் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றவள், சத்தம் கொஞ்சம் அடங்கியதும் கேட்டாள்.

"அண்ணே, அவுக ரொம்பக் குளிருல கெடந்து கஷ்டப்பட்டாகளா?"

யாகூப் அவள் பக்கம் திரும்பினான்.

"மொதல்ல கஷ்டப்பட்டான் தங்கச்சி. கடைசியில இல்ல. வெக்கையா இருக்கு, சட்டையைக் களத்துன்னான். அம்புட்டுப் பனியில அப்பிடிச் சொன்னான். காட்டுல நிக்கிறதா நெனச்சானோ என்னமோ. மாட்டை நெழல்ல கட்டச் சொன்னான்."

"அப்ப குளிரலை."

"இல்ல தங்கச்சி. குளிரலை."

அவள் உள்ளே போனாள். பதினாறாம் நாள் தாலி இறங்கியது. சண்முகத்தாய் தான் சொன்னபடி தன் கையாலேயே கழற்றினாள்.

அறுபத்தைந்து ஆவணியில், மேற்கு எல்லையில் மறுபடி சண்டை என்று ரேடியோ சொல்லிக்கொண்டிருந்த நாட்களில், வீரலட்சுமிக்குக் காது குத்தினார்கள். செல்லத்தாய்க்கு உடன்பிறந்த ஆண் இல்லை. பிள்ளையைத் தாய்மாமன் மடியில் வைக்க வேண்டும். கோட்டைச்சாமி விருதுநகருக்கு ஆள் அனுப்பி யாகூப்பை வரவழைத்தார்.

"என்னண்ணே இது, பாய் மடியிலயா?" என்று கேட்டாள் பஞ்சம்மாள்.

"என் மகன் மச்சான்னு கூப்பிட்ட ஆளு. வேற யாரு மடி?" என்றார் அவர். 

கோவில் முன்னால் யாகூப் காலை நீட்டி உட்கார்ந்து பிள்ளையை மடியில் வாங்கிக்கொண்டான். செல்லத்தாய் கிட்டே வரவில்லை. வெள்ளைச் சேலை கட்டியவள் நல்ல காரியத்துக்குப் பக்கத்தில் நிற்கக்கூடாது என்பதால், தூரத்தில் ஒரு வேப்பமரத்துக்குப் பின்னால் நின்றாள். ஊசி இறங்கியதும் பிள்ளை வீறிட்டது. யார் யாரோ தூக்கினார்கள், வெல்லம் ஊட்டினார்கள். அழுகை நிற்கவில்லை.

யாகூப் எழுந்தான். பிள்ளையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு, கம்பை ஊன்றி, அத்தனை பேரும் பார்க்க, அந்த மரத்தை நோக்கி நொண்டி நடந்தான்.