மாமன் மடி

செல்போனை எடுத்ததும் அண்ணியின் அழுகைதான் கேட்டது. உச்சிப்புளி ஸ்டுடியோவில் இத்தனை வருஷம் என்னோடு தொழில் செய்த சேது அண்ணன் போய்விட்டார். நெஞ்சுவலி. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகக்கூட அவகாசம் தரவில்லை. அழுகைக்கு நடுவே அண்ணி கேட்டது ஒன்றுதான்: "தம்பி, அவர் சிரிச்ச மாதிரி ஒரு படம் வேணும். இங்கன ஓட்டு கார்டுதான் கெடக்கு. அதுல இருக்கிறது அவர் மாதிரியே இல்ல."

கம்ப்யூட்டரில் அவர் பெயரைத் தட்டினேன். ஒரு படமும் வரவில்லை. ஊரில் உள்ளவர் படங்களுக்கெல்லாம் பெயர் போட்டு வைத்த மனுஷன், தனக்குப் போட்டுக்கொள்ளவில்லை. அழுகைக்கு முன்னால் எனக்குக் கோபம்தான் வந்தது.

அவரை அறிந்தவர்களுக்கு அந்தப் பெயர் போடும் கூத்து தெரியும். டிஜிட்டல் கேமரா வாங்கிய புதிதில் நான் படங்களைத் தேதிவாரியாகப் பிரித்து வைத்தேன். பேட்டரியைக் கழற்றி மாட்டினால் எங்கள் கேமரா தேதியை மறந்துவிடும். ஆவணிக் கல்யாணமும் தைமாதக் காதுகுத்தும் ஒரே நாளில் நடந்ததாகக் காட்டும். அண்ணன் சிரியோ சிரியென்று சிரித்தார். "ஏலே, தேதியச் சொல்லி எவன் படம் கேக்க வாரான்? எங்க சித்தப்பா இருக்கிற படம்னுதான கேக்குறான்!"

அன்றிலிருந்து ஒவ்வொரு படத்துக்கும் ஊர், விசேஷம், ஆள், உறவு என்று, தட்டினால் கம்ப்யூட்டரில் தேடிக் கிடைக்கும்படி டேக் போட ஆரம்பித்தார். காதுகுத்து என்றால் பிள்ளையின் பெயரோடு 'தாய்மாமன்' என்றும் சேர்ப்பார். மடியில் வைத்திருப்பது அவர்தானே. எடுத்த கையோடு போட்டுவிட வேண்டும், ஆறப்போட்டால் முகம் மறந்துபோகும் என்பார். "இதுக்கு யாரு காசு தாரா?" என்று எரிந்து விழுவேன். காதிலேயே வாங்கமாட்டார்.

ஒருநாள் திருப்புல்லாணிப் பக்கமிருந்து வயல்வேலை செய்யும் பெண் ஒருத்தி வந்தாள். கூடப்பிறந்த அண்ணன் விபத்தில் இறந்துவிட்டான். கூரை எரிந்ததில் நாங்கள் எடுத்துக் கொடுத்த காதுகுத்து ஆல்பமும் போய், அவன் படம் ஒன்றுகூட இல்லை. சேது அண்ணன் ஒன்றுதான் கேட்டார்: "அவன் யாரு பிள்ளையவாச்சும் மடியில வச்சிருந்தானாம்மா?"

"எம் மகனைத்தாங்க."

மகன் பெயரையும் 'தாய்மாமன்' என்பதையும் சேர்த்துத் தட்டினார். மொட்டைத்தலைப் பிள்ளை மீசையைப் பிடித்து இழுக்க, அவன் சிரித்துக்கொண்டிருந்தான். "அண்ணே" என்று அவள் திரையைத் தடவினாள். அதன்பிறகு நான் காசைப் பற்றிப் பேசவில்லை.

அண்ணி கேட்ட படத்தைத் தேடித் தவித்தபோது அந்தக் கேள்விதான் நினைவுக்கு வந்தது. என் மனைவிக்கு உடன்பிறந்த ஆண்பிள்ளை இல்லை. மகள் மலருக்குக் காதுகுத்தும்போது யார் மடியில் வைப்பது என்று சொந்தக்காரர்கள் முணுமுணுத்தார்கள். படம் எடுக்க வந்த அண்ணன் கேமராவை என் கையில் திணித்தார். "பிடிலே இதை. நான் உக்காருறேன்."

'மலர்', 'தாய்மாமன்' என்று தட்டினேன்.

வந்துவிட்டது. மலர் வீறிட்டு அழுகிறாள். அவளை அணைத்துப் பிடித்துக்கொண்டு அண்ணன் சிரிக்கிறார். தன் பெயரைப் போடாதவர் அந்த உறவை மட்டும் போட்டு வைத்திருந்தார். அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது.

துக்க வீட்டில் சிலர் அவர் முகத்தை மட்டும் வெட்டி எடுக்கச் சொன்னார்கள். முடியாது என்றேன். பிள்ளையோடு முழுப்படத்தையும் பிரேம் போட்டேன். அண்ணி பார்த்துவிட்டு, "இதுதான் அவரு" என்றார்.

இப்போது நானும் எடுத்த கையோடு டேக் போட்டுவிடுகிறேன். அந்தப் படத்தில் அவர் பெயரையும் சேர்த்தாயிற்று. 'தாய்மாமன்' என்பதை மட்டும் தொடவில்லை. அது அவரே போட்டது.