மச்சானுக்கு எதிராகத் தூக்கிய கை

இந்தச் சைகோனில் வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு வாசலைத் தாண்டினால், யார் செத்தது என்று கேட்கிறார்கள். காரைக்கால், புதுச்சேரியிலிருந்து இங்கே பிழைக்க வந்த எங்கள் தமிழர் கட்சிக்குத் தலைவர் தேர்தல் நடந்த ஞாயிற்றுக்கிழமை, பக்கத்து வீட்டு வியட்நாம் அம்மாள் என்னைப் பார்த்ததும் கண் கலங்கிவிட்டாள். அவர்களுக்கு வெள்ளை துக்கத்தின் நிறம். "சாவு இல்லம்மா, ஓட்டு" என்று அரைகுறை பிரெஞ்சில் சொன்னேன். என்ன விளங்கியதோ, உள்ளே போய் ஊதுவத்திக் கட்டு ஒன்றைக் கொண்டுவந்து கையில் திணித்தாள். அன்றைக்கு எனக்கு இருந்த கலக்கத்துக்கு அது பொருத்தமாகத்தான் பட்டது.

கலக்கத்துக்குக் காரணம் என் மனைவி செண்பகத்தின் அண்ணன், கோவிந்தராசு மச்சான். பழைய தலைவர் பிரான்சிலுள்ள மார்செய்க்குக் கப்பலேறிவிட, அந்த இடத்துக்கு அவரும் ஒரு புதுச்சேரி வக்கீலும் போட்டி. காரைக்காலும் புதுச்சேரியும் பிரான்சோடேயே இருக்கட்டும் என்பார் மச்சான். இந்தியாவோடு சேரட்டும் என்பார் வக்கீல். எனக்கு மனசு வக்கீல் பக்கம். வடக்கே சண்டையில் பிரெஞ்சுக்காரன் ஆட்டம் கண்டுவிட்டான் என்பது, காயம்பட்டு வந்திறங்கும் சிப்பாய்களைப் பார்த்தாலே தெரிந்தது. ஆனால் செண்பகத்துக்கு நிறைமாதம். தலைப்பிரசவம் தாய்வீட்டில் அல்லவா? கடல் கடந்த எங்களுக்குத் தாய்வீடு என்றால் மச்சான் வீடுதான். அவரைப் பகைத்துக்கொண்டு பிள்ளைத்தாய்ச்சியை எங்கே கொண்டுபோய் விடுவது?

காரைக்காலில் இந்தத் தொல்லையே கிடையாது. நாம் கஞ்சி குடித்து எழுவதற்குள் மேர் என்கிற நகரத் தலைவரின் ஆட்கள் நம் ஓட்டையும் செத்தவர்கள் ஓட்டையும் சேர்த்தே போட்டு முடித்திருப்பார்கள். இங்கேயோ உறுப்பினர் ஒவ்வொருவரும் சபையில் எல்லார் முன்னாலும் கை தூக்க வேண்டும். வக்கீல் பெயரைச் சொன்னதும் கண்ணை மூடிக்கொண்டு தூக்கிவிட்டேன். திடீரென்று ஒரே சிரிப்பு. கண்ணைத் திறந்தால், வக்கீல் கூச்சமில்லாமல் தனக்கே கை தூக்கியிருக்கிறார். மச்சானும் வக்கீலுக்கே தூக்கிக்கொண்டு நிற்கிறார்!

"தனக்குத்தானே கை தூக்கிக்கிறது ஒரு பொழப்பா? எங்க வீட்ல அப்படி வளக்கல" என்றார் சபையைப் பார்த்து. ஒரே ஓட்டில் தோற்றார். அவர் தனக்கே கை தூக்கியிருந்தால் அவர்தான் தலைவர். நான் அவருக்குத் தூக்கியிருந்தாலும் அவர்தான்.

சாயங்காலம் மச்சான் எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார். அவசரமாக நாற்காலியை இழுத்துப் போட்டேன்.

"மச்சான், நான் வந்து..."

"பாத்தேன் மாப்ளே. நீ கண்ண மூடிக்கிட்டா எங்க கண்ணும் மூடிக்குமா? கட்சி சபையோட சரி. என் தங்கச்சி பொட்டியக் கட்டிட்டாளா?"

அப்பாடா! போன உயிர் திரும்பி வந்தது. பெருமூச்சு விட்டேனா, சிரித்தேனா, இன்றுவரை தெரியவில்லை. மச்சான் மட்டும் விடுவாரா?

"பொறக்கப்போறவன் பிரெஞ்சுக்காரன்தான், சொல்லிட்டேன்."

"இந்தியன் மச்சான்."

"மொதல்ல பொறக்கட்டும். ரெண்டு பேரும் பொட்டியத் தூக்குங்க" என்றாள் செண்பகம்.

பெட்டியின் ஒரு காதை அவர் பிடித்தார், மறு காதை நான் பிடித்தேன். செண்பகம் இடுப்பில் கை வைத்துக்கொண்டு முன்னால் நடந்தாள், அடுத்த தெருவில் இருக்கும் தாய்வீட்டுக்கு.