நொண்டி மாடுகளும் தங்கராசு அண்ணனின் வாயும்

போன செவ்வாய்க்கிழமை காலை, என் மகளின் மடிக்கணினிக்குள் இருந்த ஒரு மாட்டு மந்தையையே அழித்துவிட்டேன்.

மகள் கயல்விழி ஒரத்தநாட்டில் கால்நடை மருத்துவம் படிக்கிறாள், கடைசி வருடம். விடுமுறைக்கு வந்தவள், "அம்மா, இடமே இல்லன்னு சிவப்புக் கோடு காட்டுது. அந்த சினிமாவெல்லாம் தூக்கிடு, நான் தலைக்குக் குளிச்சிட்டு வரேன்" என்று கணினியைக் கொடுத்துவிட்டுப் போனாள். சினிமாவில் நான் கை வைக்கவில்லை. அதில் இரண்டு நான் இன்னும் பார்க்காதவை. 'நியூ ஃபோல்டர்' என்பதற்கு மேல் ஒரு பெயர்கூட வைக்காமல் பெருத்துக் கிடந்த ஒன்றைத் திறந்தேன். மாட்டுக் கால். அடுத்ததும் மாட்டுக் கால். சேறும் சீழுமாக, பக்கத்தில் ஒரு ஸ்கேலை வைத்து எடுத்த குளம்புகள். காலை நேரத்தில் யாருக்குச் சகிக்கும்? ஷிஃப்டையும் டெலீட்டையும் சேர்த்து அழுத்தினேன். குப்பைத்தொட்டியில்கூட இறங்காமல் நேராக மேலே போகிற வண்டி அது.

ஈரத் தலையோடு வந்தவள் திரையைப் பார்த்துவிட்டு அப்படியே கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள்.

"அது என் பிராஜெக்டும்மா. அடுத்த வாரம் குடுக்கணும்."

"வேற எடுத்துக்கலாம்டி. மாடு எங்க போயிடப் போவுது?"

"வைத்தியம் பண்றதுக்கு முன்னாடி எடுத்த போட்டோம்மா அதெல்லாம். இப்ப எல்லா மாடும் ஜம்முன்னு நடக்குது. போயி மறுபடி நொண்டுங்கன்னு சொல்லவா?"

அவள் பேருந்தில் ஏறினால் இறங்கும்வரை மூன்று தடவை போன் செய்கிற ரகம் நான். அப்படிப் பொத்திப் பொத்தி வளர்த்த பிள்ளையின் ஒரு வருட உழைப்பை ஒரு விரலால் முடித்தாயிற்று. இருவரும் மாறி மாறி என்னென்னவோ பொத்தானை அழுத்தினோம். கணினிதான் சூடாகியது. தூசியும் பிளாஸ்டிக்கும் சேர்ந்து வேகிற அந்த வாசனை வந்ததும், நான் மகளை விட்டுவிட்டு மன்னார்குடிக்குப் போய்விட்டேன். மனம் அப்படித்தான், வேலை கெட்ட நேரத்தில்தான் ஊர் சுற்றும்.

கல்யாணத்துக்கு முன்னால், கல்லூரி முடித்த கையோடு, மன்னார்குடியில் குளத்தை ஒட்டிய ஒரு சந்தில் சேகரண்ணனின் டிடிபி கடையில் வேலை பார்த்தேன். கல்யாணப் பத்திரிகை, காதுகுத்து, மஞ்சள் நீராட்டு விழா, கண்ணீர் அஞ்சலி, கட்சிப் போஸ்டர் எல்லாவற்றையும் வடிவமைத்து அச்சுக்கு அனுப்புவோம். நான் தட்டச்சு. என்னைவிடக் கொஞ்சம் சின்னவனான விக்டர், படம் வெட்டி ஒட்டுகிறவன். உள்ளே பிரிண்டர் வேகும் வாசனை, வெளியே டீக்கடையில் கீரைவடை வேகும் வாசனை. இன்றைக்கும் கீரைவடை சாப்பிட்டால் யாரோ செத்துப்போன ஞாபகம் வரும் எனக்கு.

அந்தக் கணினியின் வயிறு ரொம்பச் சின்னது. பத்துப் போஸ்டர் போட்டால் அஜீரணம். அதனால் அடிக்கடி எதையாவது அழித்து இடம் பண்ண வேண்டும். எதை அழிப்பது என்பதில் சேகரண்ணனுக்கு இரண்டு கொள்கைகள் இருந்தன. எந்தக் கழகத்தின் கொள்கையும் அவ்வளவு உறுதியாக இருந்ததில்லை.

ஒன்று, எழுபது தாண்டியவர்களின் புகைப்படத்தை யாரும் தொடக்கூடாது. "எப்படியும் திரும்பி வருவாங்கம்மா" என்பார். பேரன் காதுகுத்துக்கு வரவேற்பாளராகச் சிரித்துக்கொண்டிருக்கும் பெரியவரின் படத்தைச் சத்தமில்லாமல் 'பெரியவங்க' என்ற ஃபோல்டருக்கு மாற்றிவிடுவார். விவரமான ஒரு பெரியவர் கடைக்கே வந்து, "என்னை எங்க தம்பி வெச்சிருக்க?" என்று கேட்டார். "ஏசி ரூம்ல வெச்சிருக்கேன் ஐயா, கெட்டுப் போகாது" என்றார் இவர்.

இரண்டு, தேர்தலில் தோற்ற கட்சியின் படங்களை முடிவு வந்த அன்றே துடைத்துவிட வேண்டும். "அஞ்சு வருஷத்துக்கு இவங்க யாருக்கும் பிறந்தநாளே வராது. எதுக்கு எடத்த அடைச்சுக்கிட்டு?" இதில் அவர் எந்தப் பக்கமும் சாயாதவர். இரண்டு கழகக் கரைவேட்டியும் அவருடைய பீரோவில் அடுத்தடுத்து மடித்து வைக்கப்பட்டிருக்கும்.

தங்கராசு அண்ணன் எங்களுடைய வாடிக்கையாளர். மன்னார்குடிக்குக் கிழக்கே ஒரு கிராமம். அங்கே கோயில் நிலத்தைத் தலைமுறையாக உழுதுவந்த கூலிக் குடும்பங்களை வெளியேற்ற மிராசுதார் ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தார். அதை எதிர்த்த விவசாயத் தொழிலாளர்களுக்கு இவர்தான் வாய். நோட்டீஸ் அடிக்க வந்தால் எழுதி எடுத்து வரமாட்டார். என் நாற்காலிக்குப் பின்னால் நின்று சொற்பொழிவாகச் சொல்லுவார், நான் தட்ட வேண்டும்.

"அண்ணே, கொஞ்சம் மூச்சு விடுங்க, கமா போட்டுக்கறேன்."

"கமாவெல்லாம் மிராசுதாருக்குப் போடு தங்கச்சி. நமக்கு ஆச்சரியக்குறி போதும். எழுத்த இன்னும் பெருசாக்கு. அவருக்குக் கண்ணு வேற மங்கலு, பாவம்."

ஒரு தடவை இவர்கள் உழுது சேறடித்து வைத்திருந்த வயலில், விடிவதற்குள் மிராசுதாரின் ஆட்கள் வந்து நட்டுவிட்டுப் போய்விட்டார்கள். அந்தப் பக்கத்தில் அதுதான் வழக்கு முறை. யார் நாற்று நிற்கிறதோ அவன் வயல், மற்றதைக் கோர்ட்டில் பார்த்துக்கொள். "பட்டா யாருதுன்னு ஜட்ஜு சொல்றதுக்குள்ள நம்ம பேரன் நரைச்சிடுவான் தங்கச்சி. நாத்து ஒரு காலையில சொல்லிப்புடும்" என்று அன்றைக்குக் கத்தினார். அதையும் தட்டினேன், நான்கு ஆச்சரியக்குறியோடு.

மாநாட்டுப் பேனருக்காக விக்டர் அவரைக் கடையிலேயே நிற்க வைத்துப் படம் எடுத்தான். "வாய மூடுங்கண்ணே" என்றான். "அதத்தான் மிராசுதாரும் சொல்றான், நீயுமாடா?" என்று அவர் கேட்டுக்கொண்டிருக்கும்போதே ஃப்ளாஷ் அடித்துவிட்டது. திறந்த வாய் திறந்தபடியே பதிந்தது. வேறு எடுக்கலாம் என்றதற்கு, "இதாண்டா நான்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அந்த வருடம் தேர்தல் வந்தது. இவருடைய சங்கம் ஒரு கழகத்தோடு கூட்டணி. அதனால் இவருடைய படமும் அந்தக் கழக வேட்பாளரின் ஃபோல்டருக்குள்ளேயே கிடந்தது. வாக்கு எண்ணும் நாள், மதியம்வரை எதிர்க் கழகம் முன்னிலை. தெருவில் அவர்களுடைய வெடிச் சத்தம். சேகரண்ணன் ரேடியோவை அணைத்தார், பீரோவைத் திறந்து வேட்டியை மாற்றினார், "விக்டரு, தோத்தவங்கள தூக்குடா, எடம் வேணும்" என்றார். தூக்கினான். குப்பைத்தொட்டியையும் காலி செய்தான். எதிர்க் கழகத்தின் வெற்றிப் போஸ்டரை மடமடவென்று போட்டுச் சேமித்தோம்.

சாயங்காலம் கடைசிச் சுற்றுகளில் எல்லாம் தலைகீழாகிவிட்டது. தோற்றவர் ஜெயித்துவிட்டார். வெடி தெருவின் அந்த முனையிலிருந்து இந்த முனைக்கு மாறியது. "அண்ணே, நம்ம எம்எல்ஏ படத்தப் பெருசாப் போட்டு நன்றி போஸ்டர்!" என்று ஆட்கள் வாசலில் நிற்கிறார்கள். சேகரண்ணன் உள்ளே வேட்டியை மறுபடி மாற்றிக்கொண்டிருக்கிறார்.

"அழிஞ்சதுதானடா? எங்கேருந்து வரும்?" என்று நான் அழாத குறையாகக் கேட்டேன்.

"அழியாதுக்கா. வரப்பத்தான் வெட்டி விட்டிருக்கோம். மண்ணு அங்கனயே கெடக்கும். மேல வேற எவனும் நடவு நடாத வரைக்கும் மீட்டுடலாம்."

"நாமதான் மதியம் பூரா நட்டோமேடா!"

விக்டர் மேசை இழுப்பறையைத் திறந்தான். கும்பகோணத்து நண்பனிடமிருந்து ஒரு குறுந்தகடு வாங்கி வைத்திருந்தான். அழிந்ததை மீட்கும் மென்பொருள். அதைப் போட வேறு இடமில்லாமல் அதே டிஸ்க்கில் போட்டான். மருந்து போட வந்தவர் புண்ணின் மேலேயே உட்கார்ந்த கதை. எப்படியோ பெயரில்லாமல், எண் மட்டும் ஒட்டிய படங்கள் ஒவ்வொன்றாக எழுந்து வந்தன. சட்டமன்ற உறுப்பினர் கும்பிட்ட கையோடு, உதட்டோரப் புன்னகையோடு, முழுசாக வந்தார். சேகரண்ணன் நாற்காலியில் சரிந்து சோடா கேட்டார். மற்ற படங்கள் என்ன ஆயின என்று அன்றைக்கு யாரும் பார்க்கவில்லை.

பார்க்க வேண்டி வந்தது. சில நாளிலேயே தங்கராசு அண்ணன் இறந்துவிட்டார். எத்தனையோ தடியடி வாங்கியவர், மோட்டார் கொட்டகையில் கரண்டு பிடித்துப் போய்ச் சேர்ந்தார். அவருக்கு ஐம்பதுகூட ஆகவில்லை. 'பெரியவங்க' ஃபோல்டரில் இடம் கிடைக்கிற வயதில்லை.

அவருடைய மனைவி சரோஜா அக்கா கடைக்கு வந்தார். "நீங்க புடிச்ச படம் ஒண்ணு இருக்குன்னு சொல்லிக்கிட்டே இருப்பாரு. பதினாறாம் நாளுக்கு மாட்டணும். வேற படமே இல்ல. ஓட்டு அட்டையில இருக்கறது யாரோ திருடன், இவரு இல்ல" என்றார்.

எண் போட்ட படங்களை ஒவ்வொன்றாகத் திறந்தோம். கிடைத்தார். நெற்றி, புருவம், கோபமான அந்தக் கண்கள், மூக்கு. மூக்குக்குக் கீழே வெறும் சாம்பல் நிறப் பட்டை. வாக்கு எண்ணிய மதியம் நாங்கள் நட்ட எதிர்க் கழகத்து வெற்றிப் போஸ்டர் சரியாக அவருடைய வாயின் மேல் போய் விழுந்திருந்தது. அக்காவை நாளைக்கு வரச் சொல்லி அனுப்பினோம்.

வாய் தேடினோம். விக்டர் தன் வாயை ஒட்டிப் பார்த்தான், மீசை முளைக்காத வாய் பொருந்தவில்லை. அதே சாய்வு, அதே வெளிச்சம், அதே அடர்த்தியான மீசை என்று தேடியதில் பொருந்தியது ஒரே ஒரு ஆள்தான். புது எம்எல்ஏ.

"வேணாம்ணே, பாவம்" என்றேன் நான்.

"சட்டசபையில எப்படியும் தெறக்கப்போறதில்ல. இங்கயாவது வேலை செய்யட்டும்" என்றார் சேகரண்ணன்.

மறுநாள் அக்கா படத்தை வாங்கி வாசல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "கண்ணு அவருதான். வாய் யாருது?" நாங்கள் மூன்று பேரும் கீபோர்டைப் பார்த்தோம். "கம்ப்யூட்டர்ல கொஞ்சம் சரி பண்ணினோம்க்கா" என்று இழுத்தார் சேகரண்ணன்.

"இப்படி வாய மூடிக்கிட்டு என்னை ஒரு நாளும் பார்த்ததில்லையே இந்த மனுஷன்." முந்தானையால் படத்தைத் துடைத்தார். படத்தில் தூசி இல்லை. "குடுங்க. மாட்டி வெக்கிறேன். இனிமேலாச்சும் நான் பேசறத அவரு கேக்கட்டும்."

பதினாறாம் நாள் கூட்டணி தர்மத்துக்காக எம்எல்ஏ வந்தார். மாலை போட்டார். படத்தைப் பார்த்தவர் நகரவில்லை. "எங்கயோ பார்த்த முகமா இருக்கேய்யா. நல்ல களையான மனுஷன்" என்றார். விக்டர் இருமிக்கொண்டே பந்தலுக்குப் பின்னால் ஓடினான்.

இதையெல்லாம் புதன்கிழமை, மடிக்கணினியோடு தஞ்சாவூர் போகும் பேருந்தில் கயலுக்குச் சொல்லிக்கொண்டே போனேன். ஆறுதலாக இருக்கட்டும் என்றுதான். அழிந்தது அழியாது, மண் அங்கேயே கிடக்கும் என்றேன். தரவு மீட்கும் கடையில் கண்ணாடி போட்ட ஒரு பெண் கணினியைத் திறந்து பார்த்துவிட்டு மூடினார்.

"இது பழைய டிஸ்க் மாதிரி இல்லீங்க மேடம். நீங்க டெலீட் குடுத்ததும் அதுவே உள்ளுக்குள்ள துடைச்சுச் சுத்தம் பண்ணிடும். ஒண்ணும் இருக்காது."

"பாதியாவது வராதாங்க? மேல் பாதி மட்டும்?"

"மாட்டுக் குளம்புதானே மேடம்? அதுல மேல் பாதி எது?"

செவ்வாய்க்கிழமைக்குப் பிறகு என் மகள் முதல் தடவையாகச் சிரித்தாள். திரும்பும் வழியெல்லாம் மாட்டுக்காரர்களுக்குப் போன் செய்தாள், அவர்களுக்கு அப்போது அனுப்பிய படங்கள் இருக்கின்றனவா என்று. "போன் ஃபுல்லாயிடுச்சும்மா, அழிச்சுட்டேன்" என்றார்கள் முக்கால்வாசிப் பேர். ஒருவர் மட்டும் தன் பசுவின் புண் குளம்பை வாட்ஸாப் முகப்புப் படமாகவே வைத்திருந்தார், திருஷ்டி படாமல் இருக்க. இப்படிப் பொறுக்கியதில் ஒரு கைப்பிடி மாடுகள் தேறின. அதை வைத்து எழுதிக்கொண்டிருக்கிறாள். அவளுடைய பேராசிரியர் ஏற்றுக்கொள்வாரா என்று எனக்குத்தான் கவலை. அவள் என்னவோ என்னைப் படம் எடுத்து, 'பெரியவங்க' என்று ஒரு ஃபோல்டர் திறந்து அதில் போட்டுவிட்டாள். எழுபதாக இன்னும் ரொம்ப வருடம் இருக்கிறது என்று சண்டை போட்டேன்.

சேகரண்ணனின் கடை இருந்த இடத்தில் இப்போது செல்போன் உறை விற்கிறார்கள். அந்தக் கணினி எடைக்குப் போனது, ஊரிலிருந்த அத்தனை எழுபது வயதுக்காரர்களோடும். சேகரண்ணனும் எழுபதைத் தொடாமலே போய்விட்டார். அவருடைய போஸ்டருக்கு, யாரோ கல்யாண வீட்டில் பந்தியில் எடுத்த படத்தில், வாய் நிறையச் சோற்றோடு அவரை வெட்டி எடுத்துப் போட்டிருந்தார்கள். அந்தக் கோயில் நிலத்தில் மிராசுதாரும் ஜெயிக்கவில்லை, தங்கராசு அண்ணனின் ஆட்களும் ஜெயிக்கவில்லை. புறவழிச்சாலை ஜெயித்தது.

நேற்று அடுப்படியில் நின்று தங்கராசு அண்ணனின் வாயை ஞாபகப்படுத்திப் பார்த்தேன். குரல் வருகிறது. "எழுத்தப் பெருசாக்கு தங்கச்சி" வருகிறது. கண்ணும் வருகிறது. மூக்குக்குக் கீழே வந்தால், உதட்டோரத்தில் ஓட்டுக் கேட்கும் அந்தப் புன்னகைதான் நிற்கிறது. எத்தனை தடவை கண்ணை மூடித் திறந்தாலும் அதேதான். இங்கேயும் யாரோ விடிவதற்குள் வந்து நட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள்.