சேற்றில் நின்ற படம்

அந்த நாட்டின் பெயரை நான் சொல்லப்போவதில்லை. சொன்னால் கூடவே வேறு ஏதாவதும் வாயில் வந்துவிடும்.

பாபநாசம் கடைத்தெருவில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். என் பெயர் எல்சி. இந்த ஊரில் பாதிப் பேருடைய காகிதங்கள் என் கையைத் தாண்டித்தான் போகும். குந்தவையின் காகிதங்களும் அப்படித்தான். ஒன்பது மா குத்தகை நிலத்தில் பாடுபடும் தங்கையனின் ஒரே மகள். வேளாண்மையில் எம்.எஸ்சி. முடித்து, ஒரு விதைக் கம்பெனியில் எட்டு வருடமாகப் பயிர்ப் பாதுகாப்பு வல்லுநராக இருக்கிறாள். நெல்லுக்கு என்ன பூச்சி, என்ன நோய் என்று கண்டுபிடிப்பது அவள் வேலை. அவள் வந்து பார்க்காமல் இந்தப் பக்கத்தில் பலர் மருந்துக் கடைக்கே போகமாட்டார்கள்.

கடல் தாண்டி ஒரு பெரிய நெல் பண்ணை அவளை வேலைக்குக் கூப்பிட்டது. விசா விண்ணப்பத்தில் பணி அனுபவத்துக்குப் படம் கேட்டிருந்தார்கள். செல்போனில் இருந்த நாற்பது படங்களில் ஒன்றை அவளே தேர்ந்தெடுத்தாள். முழங்கால் சேற்றில், களை எடுக்கும் பெண்களுக்கு நடுவே, குனிந்து நிற்கிறாள். கை நெற்பயிரின் தூரைப் பிடித்திருக்கிறது. புகையான் பூச்சி தூரில்தான், தண்ணீருக்குச் சற்று மேலே ஒட்டிக்கொண்டிருக்கும். பயிர் காய்ந்த பிறகு வரப்பில் நின்றே பார்க்கலாம், ஆனால் அப்போது எல்லாம் முடிந்திருக்கும். அன்று அவள் குனிந்து பார்த்ததால் அறுபது ஏக்கர் பிழைத்தது. அதனால்தான் அந்தப் படம்.

ஐப்பசியில் பதில் வந்தது. நான்தான் பிரிண்ட் எடுத்தேன். ‘இணைக்கப்பட்ட படத்தின்படி விண்ணப்பதாரர் விவசாயக் கூலி வேலை செய்பவர். தொழில் வல்லுநர் என்பதற்குப் போதிய ஆதாரம் இல்லை. விசா மறுக்கப்படுகிறது.’

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இரண்டு பட்டம், எட்டு வருடச் சம்பளச் சான்று, கம்பெனிக் கடிதம் எதுவும் அந்த அதிகாரியின் கண்ணில் படவில்லை. காலில் இருந்த சேறு மட்டும் பட்டிருக்கிறது. அரிசி மூட்டையிலேயே காய்க்கிறது என்று நினைத்துவிட்டாரா மகராசன்?

மேல்முறையீட்டுக்கு இருபத்தெட்டு நாள் அவகாசம். பண்ணைக்காரர்களோ தை மாதம் வரைதான் காத்திருப்போம் என்றுவிட்டார்கள். தஞ்சாவூரில் விசா ஆலோசகர் அண்ணாதுரையிடம் இருவரும் போனோம்.

“அந்தப் படத்த மொதல்ல தூக்குங்கம்மா. ஆபீஸ்ல கம்ப்யூட்டர் முன்னாடி உக்காந்திருக்கிற மாதிரி ஒண்ணு எடுத்து வைங்க” என்றார்.

“அது என் வேலை இல்லீங்களே” என்றாள் குந்தவை.

“வேலைய யாரு கேட்டா? விசா வேணுமா, வேணாமா?”

அவள் எழுந்து வந்துவிட்டாள். என் கடையில் உட்கார்ந்து பதினோரு பக்க மேல்முறையீட்டு மனுவைத் தானே எழுதினாள். அதே படத்தைப் பெரிதாக்கி முதல் பக்கத்தில் வைத்தாள்.

மார்கழியில் வீடியோ விசாரணை, அதுவும் என் கடையில்தான். திரையில் மூன்று நீதிபதிகள். நடுவில் இருந்த அம்மாள், “இவ்வளவு படித்த நீங்கள் ஏன் வயலில் இறங்க வேண்டும்? அதற்கு ஆட்கள் இல்லையா?” என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

குந்தவை ஒரு வாளியைத் தூக்கி மேஜைமேல் வைத்தாள். அதிலிருந்த நெற்பயிரை வேரோடு எடுத்து, ஒரு வெள்ளைத்தாள்மேல் இரண்டு தட்டு தட்டினாள். பழுப்புப் பூச்சிகள் உதிர்ந்து ஓடின. கேமராவை அந்தப் பக்கம் திருப்பினாள்.

“இதில் எது பயிரைக் கெடுக்கிறது, எது காப்பாற்றுகிறது, சொல்லுங்கள்” என்றாள். மூவரும் திரைக்கு அருகே குனிந்தார்கள். “நீளக்கால் வைத்து ஓடுகிறதே, அது சிலந்தி. மற்றதைத் தின்னும். சிலந்தி போதுமான அளவு இருந்தால் மருந்தே வேண்டாம். குனிந்து பார்த்தால்தான் இது தெரியும். எப்படிப் பார்ப்பது என்று தெரிந்துகொள்ளத்தான் படித்தேன்.”

பத்தாம் நாள் தீர்ப்பு வந்தது. மறுப்பு ரத்து, விசா உண்டு. நான் கடையிலேயே அழுதுவிட்டேன்.

மறுநாள் காலை இருவரும் டீ குடிக்கப் பேருந்து நிறுத்தத்துக்குப் போனோம். அங்கே பத்தடி உயரத்துக்கு ஒரு பிளக்ஸ் ஏறிக்கொண்டிருந்தது. ‘வெளிநாடு செல்லும் எங்கள் விஞ்ஞானி!’ தலை குந்தவையுடையது. கழுத்துக்குக் கீழே யாரோ ஒரு பெண்ணின் உடம்பு, வெள்ளைக் கோட்டு, நகச்சாயம் பூசிய கையில் கண்ணாடிக் குடுவை. அடியில் ‘இவண்: தந்தை தங்கையன்’ என்று இருந்தது. அவரே கயிற்றை இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தார். வயலிலிருந்து நேரே வந்திருந்தார். காலில் சேறு இன்னும் காயவில்லை.

“ஏம்ப்பா, வயல்ல எடுத்த படம் இருந்துச்சே?” என்றாள் குந்தவை.

“இருக்கும்மா. அதப் போட்டா, தங்கையன் மவ அங்கயும் போயி சேத்துலதான் நிக்கப்போறான்னு நாலு பேரு கேவலமா பேச மாட்டாங்களா? நான் நின்னது போதாதா?”

மூன்று நீதிபதிகளிடம் வாதாடி ஜெயித்தவள், அப்பாவின் கையிலிருந்த கயிற்றை வாங்கி முடிச்சுப் போட்டாள். எனக்கு ஆத்திரமும் அழுகையும் சேர்ந்து வந்தது. அந்த அதிகாரி எழுதியதை அடிக்க ஒரு மேல்முறையீடு இருந்தது. நாற்பது வருடம் சேற்றில் நின்று ஊருக்குச் சோறு போட்ட மனுஷர், அதைக் கேவலம் என்று தானே நம்பிவிட்டாரே, இதற்கு யாரிடம் போய் மனுப்போடுவது?