கழிவு கழித்த விடை

அந்த வருஷம் என் மனைவி பன்னிரண்டாம் வகுப்பு இயற்பியலைத் தனித்தேர்வராக மறுபடி எழுதினாள். கல்யாணத்துக்கு முன்பு அதில் மட்டும் தோற்றிருந்தாள். ஆரணியில் ஒரு பள்ளிக்கூடத்தில் ஆய்வக உதவியாளர் வேலை இருந்தது. அந்தத் தேர்ச்சியைக் கேட்டார்கள். வேலை கிடைத்தால், பட்டுத்தறிக்கு ராட்டையில் ஊடைநூலைக் குச்சியில் ஏற்றித் தார் சுற்றுவதை விட்டுவிடலாம். அவளுடைய தோள்பட்டை வலி அவளுக்கும் பழகிவிட்டது, கேட்டுக்கொண்டிருந்த எனக்கும் பழகிவிட்டது.

நான் களம்பூர், தேவிகாபுரம் என்று பத்திரிகைச் செய்திக்கு அலைந்துவிட்டு மாலை பஸ்ஸில் திரும்புவேன். நான் படித்தது வரலாறு. கணக்கை வாசிப்பதும், புத்தகத்தின் கடைசிப் பக்க விடையோடு ஒப்பிடுவதும்தான் என்னால் முடிந்தது.

மின்காந்தத் தூண்டலை ஒருவழியாகத் தாண்டினோம். மின்மாற்றியில் நின்றுவிட்டோம். முதன்மைச் சுருளில் இரண்டாயிரம் சுற்று, துணைச்சுருளில் நூறு. உள்ளே 220 வோல்ட், அரை ஆம்பியர். வெளியே பதினொரு வோல்ட் என்று சரியாகப் போட்டாள். மின்னோட்டம் பத்து ஆம்பியர் வரவேண்டும். ஒன்பதே முக்கால் என்று எழுதியிருந்தாள்.

அடுத்த கணக்கிலும் அப்படியே, கொஞ்சம் குறைச்சல். வரிவரியாகப் பார்த்தேன். பெருக்கலும் வகுத்தலும் சரி. கடைசி வரியில் மட்டும்தான் குறைந்தது.

“இது எங்கருந்து வந்துச்சி?”

“கழிவு போவாதாங்க?”

தார் சுற்றும்போது பட்டு அறுந்து விழும். முதலாளி எடைபோட்டுத் தருகிற பட்டு, சேலையாகத் திரும்பும்போது அவ்வளவு இருக்காது. கழிவைக் கழித்துத்தான் பார்ப்பார்கள். முழு எடையும் திரும்பி வந்தால்தான் ஈரமா என்று தடவிப் பார்ப்பார்கள்.

“கணக்குல இழப்பு இல்லன்னு போட்டுகீதே.”

“போடுவாங்க. இந்த சார்ஜரத் தொட்டுப் பாருங்க. இதுக்குள்ளயும் அதான இருக்குது? உள்ள போனது அப்பிடியே வந்தா ஏன் சுடுது?”

“பேப்பர் திருத்தறவரு சார்ஜரத் தொட்டா பாக்கப்போறாரு?”

“உங்களோட பேஜாருங்க.”

அழித்துவிட்டுப் பத்து என்று எழுதினாள். மறுநாள் வேறொரு கணக்கில் மீண்டும் கழித்தாள். கழிக்கக் கூடாதென்று தெரிந்துதான் உட்கார்ந்தேன், கை தானாகப் போய்விடுகிறது என்றாள். அதன்பிறகு ஒவ்வொரு கணக்கையும் வாசிக்கும் முன் “கழிக்காத” என்று சொல்ல ஆரம்பித்தேன். எனக்கும் அலுத்தது, அவளுக்கும் அலுத்தது. சில நாள் அதைச் சொல்லாமலே புத்தகத்தை மூடி வைத்தோம்.

தேர்வு முடிந்து வெளியே வந்தவள் முதலில் தண்ணீர் கேட்டாள்.

“மின்மாற்றி வந்துச்சா?”

“வந்துச்சி. இழப்பு இல்லன்னுதான் போட்டிருந்தாங்க. முழுசா எழுதிட்டேன். மனசே வரல.”

முடிவு வந்த அன்று அவள் தார் சுற்றிக்கொண்டிருந்தாள். கைபேசியை நீட்டினேன். தேர்ச்சி, மட்டுமட்டாக.

“கழிவு போக இதான் நின்னுச்சி போல” என்றாள்.

ராட்டையை நிறுத்தவில்லை. கையிலிருந்த தாரை முடித்துவிட்டு எழுந்து, அந்த ஆரணிப் பள்ளிக்கூடத்தை எத்தனை மணிக்குச் சாத்துவார்கள் என்று கேட்டாள்.