திக்லிபூரின் இன்னொரு கை

குழந்தைவேலுவுக்கு முகங்கள் மனதில் நிற்காது. தீவின் கப்பல்துறையான ஃபீனிக்ஸ் பே ஜெட்டியில் சொந்த மைத்துனனையே யாரோ என்று தாண்டிப் போனவர். ஆனால் அவர் வேலை பார்க்கும் வயர்லெஸ்ஸில் எந்தத் தீவிலிருந்து யார் தந்தி தட்டினாலும், நாலு தட்டு முடிவதற்குள் பெயரைச் சொல்லிவிடுவார். ஒவ்வொருவர் கைக்கும் ஒரு நடை உண்டு என்பார்.

மாலை வானிலைச் செய்தி முடிந்ததும் வடக்கே திக்லிபூர் வயர்லெஸ் நிலையத்து நூருல்லாவோடு தந்தியிலேயே ஆடுபுலி ஆட்டம். இருவர் மேசையிலும் ஒரே கட்டம். புள்ளிகளுக்கு எண் போட்டிருந்தார்கள். நாளுக்கு ஒரு நகர்த்தல். நூருல்லா தங்கமான மனிதர். ஆட்டத்தில் மட்டும் சுத்த மக்கு. அப்பேர்ப்பட்டவருடைய ஆடுகள் 1966 மழைக்காலத்தில் திடீரென்று புலிகளை மடக்கத் தொடங்கின. செய்தியைத் தட்டுவது ஒரு கை, ஆட்டத்தைத் தட்டுவது வேறு கை என்று குழந்தைவேலு மறுநாளே கண்டுகொண்டார். வேறு யாராக இருக்கும்? அங்கே செட் இருக்கும் அறையை ஒட்டித்தான் வீடு. நூருல்லாவின் மனைவி ஜன்னத் பீவி சத்தத்தைக் கேட்டுக் கேட்டே கற்றிருக்க வேண்டும்.

தந்தி தட்டும் கீயில் வெளியாள் கை வைத்தால் நூருல்லாவின் வேலை போய்விடும். குழந்தைவேலுவுக்கோ சரியான எதிராளி கிடைத்த சந்தோஷம் தாங்கவில்லை. ரம்பத் தகட்டையும் ஒரு பித்தளைக் குமிழையும் வைத்து, செட்டோடு சேர்த்துக்கொள்ளும்படி ஜன்னத்துக்கென்று சின்னதாக இன்னொரு கீ செய்து கப்பலில் அனுப்பினார்.

அது போய்ச் சேர்ந்த நாளோடு ஆட்டம் நின்றது. செய்தி மட்டும் வந்தது. அது முடிந்த கையோடு நூருல்லா செட்டை மூடிவிடுவார். எட்டு நாளாகக் குழந்தைவேலுவுக்குச் சோறு இறங்கவில்லை.

"கீ கூட ஒரு சிட்டி எழுதி வச்சீங்களா?" என்றாள் அவர் மனைவி மரகதம்.

"சிட்டியா? இல்லியே."

"அடக் கடவுளே! மாட்டிக்கிட்டோம்னுல்ல அவங்க பயந்திருப்பாங்க!"

காலமெல்லாம் தட்டியே பேசுகிற மனுஷனுக்குக் காகிதம் எங்கே ஞாபகம் வரும்? அன்று மாலை பதறிப்போய்த் தட்டினார்: "கீ தங்கச்சிக்கு. ரெண்டு பேருமே ஆடுங்க, பாய். நீங்க இல்லாம எனக்கு ஆட்டமே இல்ல."

கட்டத்தை முன்னால் இழுத்து வைத்துக்கொண்டார். பிறகு அந்த இன்னொரு கை, நிறுத்தி நிதானமாக: ஆடு பதினொன்றுக்கு. கட்டத்தைப் பார்த்தார். மூன்று புலிகளுக்கும் நகர வழியில்லை. கடைசியில், எப்போதும் நூருல்லா என்று வரும் இடத்தில், முதல்முறையாக ஜன்னத் என்று வந்தது.

வேலை முடிந்ததும், ஜெட்டியில் நின்றவர்கள் திரும்பிப் பார்க்க, வீட்டுக்கு ஓடினார்.

"மரகதம், நான் தோத்துட்டேன்டி!"