தண்ணீருக்குள் துடித்த இதயம்

தட்டாஞ்சாவடியில் ஒரு தையல் கம்பெனியில் வேலை பார்க்கிறேன். போன வருடம் மாடிப்படி ஏறினாலே எனக்கு மூச்சு வாங்கியது. முகம் வீங்கியது, வெயிலிலும் குளிரெடுத்தது. சோம்பேறியாகிவிட்டேன் என்று என்னையே திட்டிக்கொண்டேன். கடைசியில் என் கணவர்தான் பிடிவாதமாக ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார்.

ரத்தப் பரிசோதனையில் தைராய்டு மிகவும் குறைந்திருந்தது. எக்கோ எடுத்த டாக்டரம்மா திரையை எங்கள் பக்கம் திருப்பினார். என் இதயத்தைச் சுற்றிக் கறுப்பாக ஒரு வளையம்.

"தைராய்டு ரொம்பக் கொறைஞ்சா சில பேருக்கு இப்படித் தண்ணி சேரும். மாத்திரையிலயே வத்திடும், பயப்படாதீங்க," என்றார்.

"இவ்ளோ தண்ணிக்குள்ளயா மேடம் இது அடிச்சிட்டிருக்கு?"

"ஆமாம்மா. மெதுவாத்தான் அடிக்குது, ஆனா நிக்கல."

திரையையே பார்த்தேன். அந்த நீருக்குள் ஒரு கைப்பிடிச் சதை சுருங்கி விரிந்துகொண்டே இருந்தது. பக்கத்தில் என் கணவர் தன்னை மறந்து கைகூப்பி நின்றார்.

தினமும் காலையில் வெறும் வயிற்றில் மாத்திரை போட்டேன். சில மாதங்கள் கழித்து எடுத்த எக்கோவில் அந்த வளையம் இல்லை.

"வத்திடுச்சும்மா. நல்லாயிட்டோம்னு மாத்திரைய மட்டும் நீங்களா நிறுத்திடாதீங்க," என்றார் டாக்டரம்மா.

நான் தூங்கும்போதும் இந்த இதயம் எனக்காக உழைத்திருக்கிறது. ஒருநாளும் அதை நான் நினைத்ததில்லை. இப்போதெல்லாம் கண் விழித்ததும் நெஞ்சில் கை வைத்துக் கொஞ்ச நேரம் சும்மா படுத்திருக்கிறேன்.